ஒராங்குட்டானின் மேல் விழுந்து கிடந்த தம்பிக்கு

என் ராசா சேவியர்,

இன்று காலை சுமத்ராவிலிருந்து யந்தி போன் செய்தாள். காட்டுக் காவலில் உன்னோடு நடந்தவள், உன் கடைசி மூச்சைப் பார்த்தவள். கோர்ட்டில் சாட்சி சொல்ல என்னை வரச் சொல்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிப்பதற்கு உன்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

இதை வாசிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. ஒய்டூகே, ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பும் என்று சொல்லிக் கம்பெனிகள் எல்லாம் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே ரிச்சர்ட்சன் ஊரில் டெலிகாம் எஞ்சினியர் வேலையை விட்டுவிட்டு வந்து என் கிச்சனில் நின்றாய் நீ. கூட வேலை பார்த்தவனின் கல்யாணத்துக்காகச் சுமத்ரா போனவன், அங்கே காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாய்.

"க்ரீன் கார்டு ப்ராசஸ் நடக்கும்போது எவனாவது ரிசைன் பண்ணுவானால? அதுவும் குரங்குக்காக?"

"குரங்கு இல்லக்கா, ஒராங்குட்டான். ஏழெட்டு வருஷத்துக்கு ஒருக்காத்தான் குட்டி போடும். தாயைச் சுட்டுட்டு குட்டியைப் பிடிச்சு விக்கிறானுவ. மரத்தையும் வெட்டுறானுவ. காவலுக்குப் போறவங்க மலைக்கு இந்தப் பக்கம், வெட்டுறவன் அந்தப் பக்கம். ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட வழியில்ல. மலை மேல ஒரு ரேடியோ டவர் போட்டாப் போதும். இங்க நான் போடுற டவர்ல பீட்சாதான ஆர்டர் பண்ணுதாங்க?"

உன் அத்தான் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் ஏர்போர்ட்டுக்கு நான்தானே உன்னை டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனேன்.

டவர் நின்றது. வாக்கி டாக்கியில் ஒருவரையொருவர் கூப்பிட முடிந்ததும் காவல்காரர்கள் லாரிகளை மடக்க ஆரம்பித்தார்கள். மரம் வெட்டுகிறவர்களில் சிலர் பிடிபட்டார்கள். டவர் போட்ட அந்த வெளிநாட்டுக்காரனை அடையாளம் தெரியும் என்று ஊருக்குள் ஒருவன் சொன்னதாக நீ போனில் சொன்னாய், ஏதோ பாராட்டுப் பத்திரம் கிடைத்த மாதிரி.

பிறகு அந்த நாள். அதை யந்தி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எனக்குச் சொல்லியிருக்கிறாள். மரம் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டு நீங்கள் இருவரும் முன்னால் ஓடினீர்கள். சுற்றியிருந்த மரங்களை எல்லாம் அறுத்துத் தள்ளிவிட்டு, ஒரே ஒரு மரத்தை மட்டும் விட்டிருந்தார்கள். உச்சியில் அந்தத் தாய், வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி. தாவிப் போக அடுத்த மரம் இல்லை. கீழே நின்று ஏர் கன்னால் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். முகத்தில் பட்டது, கண்ணில் பட்டது, தோளில் பட்டது. குட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் கிளையைப் பிடித்திருந்தது. பிடி விட்டதும் விழுந்தது.

விழுந்தும் சாகவில்லை. குட்டியைப் பிடுங்குவதற்காக அதன் விரல்களை ஒருவன் அரிவாளால் வெட்டினான். வாக்கி டாக்கியை யந்தியின் கையில் திணித்துவிட்டு நீ ஓடிப்போய் அதன் மேல் விழுந்தாய். எழுந்திரு என்று அவர்கள் கத்தினார்களாம். நீ எழவில்லை. ரூடி என்பவன் உன் முதுகில் வெட்டினான். மறுபடியும் வெட்டினான். மற்றவர்களை யந்தி கூப்பிடும் குரல் மலை முழுக்கக் கேட்டும் அவன் வெட்டிக்கொண்டே இருந்தான்.

காவல்காரர்கள் வந்து அவனைப் பிடித்தபோது தாய் செத்திருந்தது. நீ ஜீப்பில் போகும் வழியில் செத்தாய். உங்கள் இருவருக்கும் அடியில் குட்டி உயிரோடு இருந்தது.

நான் எமர்ஜென்சி வார்டு நர்ஸ். வெட்டுக் காயம் எனக்குப் புதிதில்லை. சேதி கேட்டு ஓடிவந்து, சுமத்ராவின் மெடான் நகரத்து ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி, ஒவ்வொரு காயத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். இடது தோள் எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. கழுத்துக் காயம் ஆழம். கைகளில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. தடுக்கக் கையைத் தூக்கவே இல்லையா ராசா? வலித்தபோது யாரைக் கூப்பிட்டாய்?

ரூடியைக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்த அன்று நான் செய்தது உனக்குப் பிடித்திருக்காது. அவன் என்னைக் கடந்து போனான். மெலிந்த உடம்பு, காலில் ரப்பர் செருப்பு. நான் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தேன். நகம் சதைக்குள் இறங்கியது. அவன் தலையைச் சுவரில் மோதினேன். ரத்தம் வந்தது, இன்னும் மோதினேன். போலீஸ்காரர்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என்னை இழுத்தார்கள். அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. இன்றும் இல்லை.

வராந்தாவில் யந்தி என் கையைக் கழுவிவிட்டாள். "இவன் கூலிக்காரன். அனுப்பிய மர வியாபாரி பின்வரிசையில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்" என்றாள்.

திறந்திருந்த கதவு வழியே அந்த வியாபாரியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் எனக்கு வணக்கம் சொல்வதுபோல் தலையசைத்தான்.

ரூடி நீண்ட தண்டனை வாங்கினான். பல மாதம் கழித்து ஜெயிலிலிருந்தபடி வியாபாரியின் பெயரைச் சொல்லிவிட்டான். ஏன் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. சொன்ன வாரமே வியாபாரியின் ஆட்கள் ரூடியின் வீட்டைக் கொளுத்தினார்கள். அவன் மனைவி எரியும் கதவை உடைத்து வெளியே வந்தாள். கைகள் இரண்டும் வெந்துவிட்டன.

அந்த வியாபாரியின் வழக்குத்தான் இப்போது வருகிறது. ரூடியின் மனைவியும் சாட்சி. ஊரில் எவரும் அவள் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், வியாபாரியிடம் அவ்வளவு பயம் என்கிறாள் யந்தி. வியாபாரி ஜெயிலுக்குப் போனால், காட்டுக்குள் அவன் போட்டுக்கொண்டு வரும் ரோடு ஆற்றோடு நிற்கும். ஆற்றுக்கு அப்பால்தான் மிச்சமிருக்கும் ஒராங்குட்டான்கள். அந்தக் குட்டி வளர்ப்பிடத்தில் மரம் ஏறப் பழகுகிறதாம், கிட்டே வருகிறவர்களை எல்லாம் கடிக்கிறதாம். கடிக்கட்டும். மனுசனை நம்பாமல் வளர்ந்தால்தானே காட்டில் பிழைக்கும்.

"போகாத ஜெசி. உன்னையும் வெட்டுவானுங்க" என்றார் உன் அத்தான். சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போய்விட்டார். என் மகள் நிஷாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யூ ஆர் எ நர்ஸ், மா. யூ சா ஹிஸ் பாடி. ஹூ எல்ஸ் கேன் டெல் தெம்?" என்றாள்.

டிக்கெட் புக் பண்ணிவிட்டேன், சேவியர்.

ரூடியை நான் மன்னிக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோர்ட்டில் அவன் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். வெந்த அந்தக் கைகளில் மருந்து போடுவேன். வியாபாரி எத்தனை முறை தலையசைத்தாலும், உன் ஒவ்வொரு காயத்தையும் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
ஜெசிந்தா அக்கா