பெட்டியிலேயே இருந்த ரப்பர் வளையம்

அன்புள்ள மகனுக்கு,

அன்பு என்ற சொல் இல்லாமல் கடிதத்தைத் தொடங்க எனக்குத் தெரியாது, அதனால் போட்டிருக்கிறேன், அதற்கு மேல் அதில் எதையும் தேடாதே. நான் நலமா என்பதை உனக்கு எழுத வேண்டியதில்லை, நான் பால் பாக்கெட் எடுப்பதிலிருந்து செருப்பை உதறுவது வரைக்கும் வாசல் கேமராவில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாய். நீயும் நலமாகத்தான் இருப்பாய். கூடப் பிறந்தவளை வீட்டை விட்டு விரட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கு என்ன குறை. போனில் பேசினால் பாதியில் “மீட்டிங் இருக்கும்மா” என்று வைத்துவிடுவாய், கடிதம் என்றால் நீ கீழே வைத்தாலும் அங்கேயே கிடக்கும்.

உன் அக்கா போய் இன்றோடு இருபது நாள். புருஷனிடம் அடி வாங்கி, தன் மகள் குட்டியைக் கூட்டிக்கொண்டு அவள் இங்கே வந்தபோது, அவன் வந்து கேட்டைத் தட்டினால் தெரியட்டும் என்று நீதான் லீவில் வந்து அந்தக் கேமராவை மாட்டினாய். அன்றைக்கு நானும் பெருமைப்பட்டேன். அதே கேமராவை வைத்து, “தினமும் காலையில அஞ்சரைக்குக் கேமரா வெள்ளையாகுது, எட்டரைக்குத் தானா தெளியுது, கண்ணாடியில எதைப் பூசிட்டு யாரை உள்ள விடுற, உன் புருஷனைத்தானே” என்று அவளை நாக்கூசாமல் கேட்டாய். ஸ்பீக்கரில் இருந்தது போன். ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு குட்டி நின்றிருந்தாள், எட்டு வயதுக்கு எல்லாம் புரியும். உன் அக்கா போனை வைத்துவிட்டுக் குட்டியை ஸ்கூலுக்குக் கூட்டிப் போனாள். சாயங்காலமே இரண்டு பையோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஒற்றை அறைக்குப் போய்விட்டாள். அந்த அறைக்குக் கேட்டும் இல்லை, கேமராவும் இல்லை, அவன் வந்து தட்டினால் பார்க்க ஆளும் இல்லை.

அவள் போன மறுநாள் காலையும் கேமரா வெள்ளை. அதற்கு மறுநாளும் வெள்ளை. நீயே போன் செய்து “இன்னும் தெரியலையேம்மா” என்றாயே, அப்போதாவது உன் மண்டையில் உறைத்ததா? வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருத்தி, அறுபத்தாறு வயதில் ஸ்டூல் போட்டு ஏறி நான் பூசுகிறேனா? எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். கண்ணாடிக்கு உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். வெளியே குளிர்ந்தால் உள்ளே அடைபட்ட ஈரம் கண்ணாடியில் படியும், வெயில் ஏறினால் காய்ந்துவிடும், அவ்வளவுதான் சமாச்சாரம். மாத்திரை கம்பெனியில் முப்பது வருடம் பேக்கிங்கில் இருந்தவள் நான், ஒரு சொட்டு ஈரம் என்ன செய்யும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல ரப்பர் வாஷரே இல்லையேம்மா, யாரு மாட்டினது” என்றார். என் பையன் என்றேன். பாவம், மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்க்ரூக்களைப் பொறுக்கி வைத்தார்.

பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். இரண்டு ரப்பர் வளையம், ஒரு ஈரம் உறிஞ்சும் பொட்டலம், எல்லாம் பிரிக்காத கவரில் அப்படியே இருந்தன. தூறலில், கடைசி நாள் அவசரத்தில், கவரைப் பிரிக்கக்கூட உனக்குப் பொறுமை இல்லை. கண்ணாடியை மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்து, ஒரு பகல் முழுக்கக் காயவைத்து, பொட்டலத்தை உள்ளே ஒட்டி, ஒரு வளையத்தைப் போட்டு இறுக்கினோம். நேராகத் துளைக்குள் போன வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினோம், இனி மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகாது, அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காயவைத்த நேரம் போக மொத்தமே அரைமணி நேர வேலை.

இன்னொரு வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய வெற்றிபோல அவளைப் பார்க்கப் போனேன். அவள் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இது கெடைச்சதால நீ என்னை நம்புற, அம்மா. கெடைக்கலைன்னா?” என்றாள். அன்றைக்கு நீ கேட்டபோது நான் அவளுக்காகப் பரிந்து பேசவில்லை, ஒரு நிமிடம் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். நிஜமாக இருக்குமோ என்றுதான் பார்த்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள். உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என்மேல் வரவேண்டியது, அதையும் சேர்த்து நீயே வாங்கிக்கொள்.

மிச்சம் இருந்த வளையத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், உனக்காக மட்டும். அவளிடம் அதைப் பற்றிப் பேசாதே. ஈரம், வாஷர், அவசரம் என்று கதை அளக்காதே. “உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு” என்று சொல், பிறகு வாயை மூடிக்கொண்டு அவள் திட்டுவதைக் கேள். குட்டியிடமும் தனியாகச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு, அது பெற்றவள் சொல்லியாக வேண்டியது, சொல்லிவிட்டேன். எனக்குப் போன் செய்ய வேண்டாம், முதலில் அவளுக்குச் செய். இது கைக்குக் கிடைத்ததும் இங்கே விடியும் நேரம் பார்த்துக் கேமராவைத் திற. கண்ணாடி இப்போது பளிச்சென்று இருக்கிறது. கேட் தெரியும், படி தெரியும், குட்டியின் சைக்கிள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைகூடத் தெரியும். எட்டரை வரைக்கும் பார், யாரும் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா