நான் தேர்ந்தெடுத்த மோட்டார்

அன்புள்ள அப்பாவுக்கு,

குமுதாவின் வணக்கம். பாயான் பாருவில் நான் நலம். சிகாமட்டில் நீங்களும் அம்மாவும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம், கூட வேலை செய்யும் ஹரீஷோடு மோட்டார் சைக்கிள் வாங்க, சித்தப்பாவுக்குத் தெரிந்த கடைக்குப் போனேன். கடைக்காரர் எல்லா விவரத்தையும் அவனிடமே சொன்னார். "ஓட்டப் போறது நான்தான் அண்ணே" என்றேன். வேலைக்காகக் கடல் பாலத்தைக் கடந்து அக்கரையில் உள்ள மாக் மண்டினுக்கும் போகிறேன். கடல் காற்றில் லேசான வண்டி ஆடும். அதனால் ஓட்டிப் பார்த்து, கனமான கிளட்ச் வண்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

நேற்று வண்டியை எடுக்கப் போனால் ஒரு குட்டி ஸ்கூட்டர் நிற்கிறது. "உங்க பட்டர்வொர்த் சித்தப்பா போன் பண்ணி மாத்தச் சொன்னாருலா. உங்க அப்பாவோட முடிவாம்" என்றார் கடைக்காரர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பே எரிந்தது.

"கையெழுத்து போட்டது நான். என் வண்டியக் கொண்டு வாங்க" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் கொண்டு வந்தார்கள்.

அப்பா, தொழிற்சாலையில் நான் சொன்னால் இயந்திரங்களையே நிறுத்துகிறார்கள். ஒரு வண்டி வாங்க என்னை நம்பக் கூடாதா? பயமாக இருந்தால் என்னிடமே சொல்லியிருக்கலாமே.

வண்டி நன்றாக ஓடுகிறது, கவலைப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் உட்காரத்தான் ஆள் இல்லை. என் பழைய மழைக்கோட்டை அனுப்புங்கள். உங்கள் தலை அளவையும் எழுதுங்கள், ஹெல்மெட் வாங்கி வைக்கிறேன். நீங்கள் வந்து என் பின்னால் உட்காரும்வரை இந்தக் கோபம் தீராது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
குமுதா