எர்வினுக்குத் திடீரென்று வந்த லடின் பாசம்

அன்பு மகள் எர்னாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் பசுக்களும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் பனி விழுந்ததிலிருந்து முரண்டு பிடிக்கிறது. ஹெல்சிங்கியில் நீயும் மாப்பிள்ளை ஈல்க்காவும் குழந்தை ஆரோவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது, கேள். ஹோட்டல்கார எர்வின் இருக்கிறானே, விருந்தாளிகள் காதுபட நம் மலைப்பக்கத்து லடின் மொழியில் பேசினாள் என்று உன் அம்மாவை, "மாட்டுக்கொட்டாய் பாஷைய வீட்டோட வெச்சுக்க" என்று அதட்டினானே, அதே மகராசன்தான். பிள்ளை முன்னுக்கு வரவேண்டுமென்று மகன் மானுவேலிடம் ஜெர்மனைத் தவிர எதுவும் பேசாதவன். ஆனால் இங்கே அரசாங்க வேலைகளை மொழிவாரியாகப் பங்கிடுகிறார்களே, அதற்காக மூன்று வருஷம் முன்பே அந்த மகனை 'நான் லடின் இனம்' என்று எழுதவைத்து, உறையை ஒட்டி, நீதிமன்றத்தில் கொடுத்து வைத்திருக்கிறான், யாரிடமும் மூச்சுவிடவில்லை. இப்போது லடின்காரர்களுக்கு ஒதுக்கிய அரசாங்க வேலை ஒன்று காலியானதும் பையன் போய் நின்றான். உறைக்குள் எழுதினால் போதுமா, வாயால் பேசிக் காட்டவேண்டாமா? வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்று லடினில் கேட்டார்களாம். அந்தத் தடியன் 'துத்ரெஸ்' என்று பலகாரத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மீதி நேரம் கூரையைப் பார்த்தானாம்.

செவ்வாய்க்கிழமை எர்வின் நம் வீட்டுக்கே வந்துவிட்டான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மரியாதை வந்தது. "அண்ணே, மறுதேர்வுக்கு மூணு வாரந்தான் இருக்கு, அவனோட கொஞ்சம் பேசிப் பழக்குங்களேன்" என்று குழைந்தான். நான் விடுவேனா, "கொட்டாய்க்கு அனுப்பு, எங்க மாடுங்க சுத்தமா லடின் பேசும்" என்றேன். அம்மா அடுப்படியில் சிரித்தது அவனுக்கும் கேட்டிருக்கும். வெட்கங்கெட்டவன், கதவுவரை போய்த் திரும்பி, "ஒங்க பேரன் பேசுவானா அண்ணே?" என்றான். தண்ணி பட்ட பாடு என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

எர்வினிடம் சொன்ன பொய் எனக்குப் பாவமாகப் படவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் ஆரோ என்னிடம் ஃபின்னிஷ் மொழியில் ஏதோ நீளமாகச் சொல்லி, ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தான். லடின், ஜெர்மன், இத்தாலியன் என்று மூன்று மொழி பேசுகிறேன் என்று ஊரில் பீற்றிக்கொள்கிற நான் "சரி சரி" என்று இளித்தேன். அவன் ஃபோனை உன்னிடம் கொடுத்துவிட்டான். எர்வினைத் திட்டிய வாயால் உன்னையும் திட்டத்தான் வருகிறது எர்னா, ஆனால் கோபத்தைவிட வலிதான் அதிகம். யாருக்காக நம் மொழியை அவனுக்குக் கொடுக்காமல் மிச்சம்பிடிக்கிறாய்?

ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். அம்மா கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறாள், அளவு சரியா என்று பார். ஆரோ அன்றைக்கு என்ன கேட்டான் என்று மறக்காமல் எழுது, நான் இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

உன் அப்பா,
தோனெ