உச்சிவெயிலில் இன்னொரு தரகர்

அண்ணாச்சி,

யாரும் நம்பப் போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று ஏழு உலகத்தையும் சாட்சி வைத்துச் சத்தியம் செய்கிறேன். சற்றுமுன் சாத்தூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் வாசனைப் பாக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். உங்கள் வாய் மணம். நீங்களோ போன ஐப்பசியிலேயே போய்ச் சேர்ந்தவர்.

பத்திர ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் வீட்டுத் தரகர்கள் நாங்கள் எல்லாரும் கூடிப் போட்ட கட்டுப்பாடு நினைவிருக்கிறதா? கமிஷனை யாரும் குறைக்கக் கூடாது. ஒருவரிடம் வீடு கேட்டு வந்த பார்ட்டிக்கு இன்னொருவர் வீடு காட்டக் கூடாது. சக்கரவர்த்திகள்கூட பூமியை அத்தனை கச்சிதமாகப் பங்கு போட்டதில்லை. நீங்கள் ஒருவர்தான், "இன்னும் ரெண்டு வீடு பாத்துட்டு வாங்க. எங்கிட்டயேதான் வாங்கணுமாக்கும்?" என்பீர்கள். அதற்காக உங்களுக்கு யாரும் வீட்டுச் சாவி தரவில்லை. பெஞ்சில் இடமும் தரவில்லை.

நேற்று உச்சிவெயில். திருத்தங்கலில் நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தேன். வாங்க வந்தவர்கள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் புருஷனும் பெண்டாட்டியும். ஆயுசுச் சேமிப்பு மொத்தமும் அந்த வீட்டுக்குத்தான். அந்தப் பெண் முதலில் உள்ளே போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, பின்கதவத் தெறந்து பாக்கச் சொல்லுதாகளே, சாவி இருக்கா?"

"யாரு தாயி சொல்றது?"

"இந்தா நிக்காகள்ல, வெள்ளச் சட்டை. பாக்கு மணக்குது."

அறையில் யாருமில்லை. என் மயிர் ஒவ்வொன்றும் கம்பி மத்தாப்பாகப் பற்றிக்கொண்டது. சிவகாசியின் ஒரு சீசன் சரக்கு முழுவதும் என் முதுகுத்தண்டில் வெடித்தது. பின்கதவைத் திறந்தால், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் தகரக் கொட்டகை. உள்ளே திருட்டுத்தனமாக வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மூச்சு விடவில்லையே!

புருஷன் வெளிறிப் போனான். "வேற வீடு இல்லியா அண்ணாச்சி? எங்க போனாலும் 'நீ அவரு பார்ட்டி'ன்னு வெரட்டுதாக. பேசாம இதுக்கே அட்வான்ஸ் குடுத்துறவா?"

என் கையில் வேறு வீடு இல்லை. கட்டுப்பாட்டின்படி இன்னொரு தரகரிடம் அனுப்பவும் கூடாது; குடு என்றுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"இன்னும் ரெண்டு வீடு பாத்துட்டு வாங்க. எங்கிட்டயேதான் வாங்கணுமாக்கும்?"

குரல் உங்களுடையது. அவர்களை நானே கூட்டிப்போய் இன்னொரு தரகர் வாசலில் விட்டேன்.

இன்று காலை டீக்கடை பெஞ்சில் ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை.

வெள்ளைச் சட்டை என் கைச்சரக்கு, அண்ணாச்சி. பின்கதவைத் திறந்ததும் நானாகத்தான். 'இன்னும் ரெண்டு வீடு' என்ற அந்த வார்த்தை மட்டும் நிஜம். சொன்னது என் வாய்தான். இன்னும் அது வாயை விட்டுப் போகவில்லை.