திருப்பிக் கொடுக்காத தாம்பூலம்

பெரிய காஞ்சிபுரம்
11-5-1967

அன்பு மகள் காந்தாவுக்கு அப்பா எழுதுவது. அம்மன் தயவில் நானும் உன் அம்மாவும் ஓடியாடும்படியாக இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ, முன்னுக்குப் பின் முரணாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருப்பதால், பதிவு ஆபீஸ் பழக்கப்படி முதலில் வரிசை எண் போட்டுக்கொள்கிறேன். சிரிக்காதே.

1. வீட்டு நலம்.
2. உன் கோதண்டபாணி மாமா முசரவாக்கம் கூத்தில் இரணியன் வேஷம் கட்ட ஒப்புக்கொண்டது.
3. அதனால் அவர் உயிருக்கு வரக்கூடிய ஆபத்து.
4. தாம்பூலத்தில் நடந்துவிட்ட தவறும், அது மாமாவுக்குத் தெரியாது என்பதும்.
5. நீ உடனே செய்ய வேண்டியது.

முதலாவது சுருக்கம்தான். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, தைலம் தேய்க்கிறாள். வெயில் கடுமை, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. கருட சேவைக்காகக் கடைத்தெருவில் இப்போதே பந்தல் கால் நடுகிறார்கள். குழந்தைக்கு மொட்டை அடிக்க ஐப்பசியில் வருவதாக எழுதியிருந்தாய், அதை மாற்றாதே. மற்றது ஒன்றுமில்லை. இனி எழுதப்போவதுதான் என்னைச் சோறு தின்னவிடாமல் செய்கிறது.

மாமா போன தை மாதம் மயிலாப்பூர் அறையைக் காலி செய்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அவர் கதை உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். சின்னப் பையனாக பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, முதலில் ராணி, தோழி என்று பெண் வேஷம் கட்டி, குரல் உடைந்த பிறகு ஒரு வருஷம் கம்பெனிக்கு அரிசி புடைத்துக்கொண்டு கிடந்து, பிறகு குரல் திரும்பி ராஜபார்ட் ஆனவர். மைக் இல்லாத நாளில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும், வெளியே மரத்தின்மேல் ஏறியிருப்பவனுக்கும் கேட்கும் குரல். பேசும் படம் வந்ததும் கம்பெனியையே கல்கத்தாவுக்கு ரயிலேற்றிக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார்கள். பூச்செடிக்குள் மைக்கை ஒளித்துவைத்து, தலையைத் திருப்பாமல் பாடு என்பார்களாம். அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தில் அட்டையிலேயே அவர் முகம் இருந்தது. யுத்தத்தின்போது பிலிம் தட்டுப்பாடு என்று பாட்டைக் குறைத்தார்கள். அதன் பிறகு, நீ வாயை மட்டும் அசை, பாட்டை வேறொருவர் பாடிக்கொள்வார் என்றார்கள். இவரும் அசைத்தார். கதாநாயகன் மந்திரியானார், மந்திரி நீதிபதியானார், நீதிபதி கடைசியில் ஒரு வார்த்தைகூடப் பேசாத கூட்டத்து ஆளானார். உனக்கு எழுதாத ஒன்று உண்டு. அவர் கடைசியாக இருந்த படத்தில் அவர் நடிக்கவே இல்லை. கதாநாயகனின் செத்துப்போன அப்பா என்று அவருடைய போட்டோவைச் சுவரில் மாட்டி மாலை போட்டிருந்தார்கள். உன் அம்மா தம்பியைப் பார்க்கலாம் என்று ஆசையாகக் கொட்டகைக்குப் போனவள், மாலையைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து தலை முழுகினாள். அந்தப் படம் என் கண்ணிலேயே நிற்கிறது காந்தா. இப்போது பகலில் அவர் கூடத்தில் கண் மூடிப் படுத்திருந்தால்கூட நான் மூச்சு வருகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

முசரவாக்கத்தில், அதாவது உன் அம்மா பிறந்த ஊரில், வைகாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை இரணியன் கூத்து. கூத்து வாத்தியார் குமாரசாமியை உனக்குத் தெரிந்திருக்கும், உன் கல்யாணத்துக்கு வாழைத்தார் கொண்டுவந்த உயரமான ஆள். அங்கே வழக்கமாக இரணியன் கட்டுவதும் அவர்தான். அவரும் ஊர்ப் பெரியவர்களும் சித்திரை பிறந்த வாரம் தட்டு ஏந்திக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். இந்த வருஷம் இரணியனாக நீங்கள்தான் நின்று தர வேண்டும் என்று மாமா முன்னால் தட்டை நீட்டினார்கள். மாமா சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெற்றிலை பாக்கை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அதைப் பக்தி என்று நினைத்தேன்.

இனி மூன்றாவது. டாக்டர் மாமாவின் மார்பில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, மாடிப்படிகூட ஏற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கூத்தில் இரணியனுக்குக் கிரீடம், தோள்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரம். நான் ஒரு தோள்கட்டையைத் தூக்கிப் பார்த்தேன், இரண்டு கையும் தேவைப்பட்டது. அது போகட்டும் என்றாலும் நரசிம்மம் இருக்கிறது. அந்தச் சிங்க முகம் வருஷம் முழுவதும் கோயிலுக்குள் பூஜையில் இருப்பது. அதைப் போட்டுக்கொள்கிறவன் விரதம் இருந்து போட்டுக்கொள்வான். தூணைப் பிளந்துகொண்டு வந்ததும் அவனுக்கு ஆவேசம் வந்துவிடும். இரணியனை உண்மையாகவே கிழித்துவிடாமல் இருக்க அவன் இடுப்பில் கயிறு கட்டிப் பின்னால் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். இந்த வேஷம் முனிசாமிக்கு. தறியில் உட்கார்ந்தால் இருக்கிற இடம் தெரியாத ஆள், பக்கத்துத் தெருவில்தான் நெய்கிறான். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவனிடம் போனேன். கொஞ்சம் பார்த்து ஆடப்பா என்று சொல்வதற்குத்தான். அவன் தறியை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, மூஞ்சியை மாட்டனப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. போன வருஷம் கயித்த புடிச்சவங்களையே இழுத்துக்கினு போனேன்னு சொல்றாங்க. குமாரசாமி எளந்தாரி, எகிறி ஓடிட்டாரு. பெரியவரு மேல என் கை பட்டுட்டா நான் எந்த மூஞ்சியோட ஊர்ல நடக்கறது? நீங்கதான் சொல்லி நிறுத்தணும்" என்றான். நான் அவனைக் கண்டு பயந்துகொண்டு போனேன். அவன் அவனையே கண்டு பயந்துகொண்டு இருக்கிறான். அதிலிருந்து என் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

இதோடு அப்பாதுரை விஷயமும் மண்டைக்குள் சுற்றுகிறது. மாமாவோடு கம்பெனியில் இருந்தவர், ராஜா வேஷக்காரர். வேலூரில் சிம்மாசனத்திலிருந்து எழுந்து வசனம் பேசும்போதே விழுந்து செத்துப்போனார். ஜனங்கள் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டினார்களாம். மாமா இதை எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இப்போது சாயங்காலத்தில் முற்றத்தில் நின்று வசனம் சொல்லிப் பார்க்கிறார். ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடினவர் நாலு வரிக்குள் தூணைப் பிடித்துக்கொள்கிறார். உன் அம்மா பக்கத்தில் நின்று விசிறுகிறாள். வளையல் கடை ஹபீபுல்லா பாய் வேறு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னா பரசுராமன் சார், மச்சான சிங்கத்துக்குத் தீனி போடப் போறீங்களாமே" என்று கேட்கிறார். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்கிறார். நான் இப்போது அந்தக் கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

நான்காவது, யாரிடமும் சொல்ல முடியாதது. போன வாரம் பஸ் நிற்கும் இடத்தில் குமாரசாமி என்னை ஓரமாக அழைத்துப் போனார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார். "ஐயா, தப்பா நெனச்சிக்கக்கூடாது. ஊர்ல பொறந்த பெரிய நடிகரு இருக்கும்போது அவருக்குத் தட்டு காட்டாம நாங்க ஆட்டம் போட முடியாதுங்க. காட்டுவோம். அந்தப் பெரியவங்க தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு, நல்லா ஆடுங்கப்பான்னு திருப்பிக் குடுத்துடுவாங்க. அதான் வழக்கம். இவரு வெத்தலைய எடுத்து மடியில வெச்சிக்கினாரு. அம்மன் பேரச் சொல்லிக் குடுத்தத நான் எப்பிடித் திருப்பிக் கேக்கறது?" இப்போது விளங்குகிறதா. அவர்கள் மரியாதைக்கு நீட்டினார்கள், இவர் அழைப்பு என்று வாங்கிவிட்டார். கம்பெனி நாடகத்தில் தாம்பூலம் வாங்கினால் ஒப்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போனவருக்குக் கூத்து வழக்கம் எப்படித் தெரியும்? பாவம், அவருக்குத் தெரியாது. இதை நான் சொன்னால், தன்னை உண்மையாக யாரும் கூப்பிடவில்லை என்ற அவமானத்திலேயே அவர் போய்விடுவார். சொல்லாமல் இருந்தால் பந்தலில் போய்விடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் காரணம் என்று ஆகிறது. நான் நினைப்பது எல்லாமே தவறோ என்றும் தோன்றுகிறது. உன் அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அவள் அழுதுவிடுவாளோ என்று பயம்.

ஆகவே ஐந்தாவது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாமா பெயருக்கு ஒரு தந்தி அடி. உடனே புறப்பட்டு வரவும் என்று மட்டும் இருக்கட்டும். காரணம் எழுதாதே. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று பொய்யாகக்கூட எழுதாதே, வாய்ச்சொல் பலித்துவிடும். உன்மேல் அவருக்கு உயிர். நீ கூப்பிட்டால் கட்டிய துணியோடு ரயிலேறுவார். ஊருக்கும் அவர் பயந்து ஓடினார் என்று இருக்காது, குமாரசாமிக்கும் வேஷம் திரும்பிவிடும். வாழ்நாளில் ஒரு பொய்ப் பத்திரம் பதிவு செய்யாத நான் மகளிடம் பொய்த் தந்தி கேட்கிறேன்.

மேலே உள்ளது காலையில் எழுதியது. உறை ஒட்டப் பசை கேட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். மாமா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, அதை அவர் கவனித்திருக்கிறார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "குமாரசாமி உங்ககிட்ட என்னா சொன்னான் மாமா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் சிரித்தார். "தட்டைத் திருப்பிக் குடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? அதே கோயில் வாசல்ல எங்கப்பாவுக்குத் தட்டு காட்டி, அவரு திருப்பிக் குடுத்தத நான் அவரு தோள்மேல உக்காந்து பாத்திருக்கேன்" என்றார். பிறகு ஏனப்பா வாங்கினாய் என்று கேட்டேன். துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தார். "சினிமாவுல கடைசியா என்னைக் கூப்பிட்டது செவுத்துல மாட்டறதுக்கு. இவங்க நிக்கறதுக்குக் கூப்பிட்டாங்க. சும்மா மரியாதைக்குத்தான்னு தெரியும் மாமா. கைதான் திருப்பிக் குடுக்க மாட்டேன்னுடுச்சி" என்றார்.

டாக்டர் சொன்னதையும் முனிசாமி சொன்னதையும் எனக்குத் தெரிந்த வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயமாத்தான் இருக்குது. பயம் இல்லாம நான் எந்த மேடையில ஏறனேன்" என்றார். அப்புறம் என் பக்கத்தில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, முனிசாமி கயிற்றில் என்னையும் ஒரு ஆளாகப் பிடிக்கச் சொன்னார். நான் ஒல்லி ஆள், கண்ணும் சரியாகத் தெரியாது, வேறு பலசாலியைப் பார் என்றேன். "பலசாலி அசந்துடுவான் மாமா. நீங்க பயந்தவரு, கைய விடமாட்டீங்க" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்து, சரி என்று சொல்லிவிட்டேன். சமையலறைக்குள் போய் உன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னால், தட்டு வந்த அன்றைக்கே தனக்குத் தெரியும் என்கிறாள், முசரவாக்கத்தில் பிறந்தவளுக்கு அந்த வழக்கம் தெரியாதா என்கிறாள். கயிற்றுக்குக் கை எரியும், துணி சுற்றிக்கொண்டு போங்க என்று பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறாள்.

ஆகையால் தந்தி அடிக்க வேண்டாம். மறந்தும் அடிக்காதே. அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது எங்கள் மூன்று பேரையும், முனிசாமியையும் சேர்த்து நினைத்துக்கொள். கிழித்த வேட்டித் துணியை இப்போதே ஒரு முறை கையில் சுற்றிப் பார்த்துக்கொண்டேன். குழந்தையை வெயிலில் விடாதே, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைவோடும் இருக்க வேண்டும்.

நான்காவதாக எழுதியது தவறு. அவருக்குத் தெரியாது என்று எழுதினேன், அவருக்குத் தெரியும். அந்த இடத்தை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

உன் அப்பா
பரசுராமன்