அப்பா கழற்றாத சப்பாத்துகள்

என் அன்பு அப்பா,

உங்கள் நீலச் சப்பாத்துகள் இப்போது வீட்டில் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்துதான் போயின. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளை இதை எப்படிச் செய்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள்.

பகலில் ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில் உங்களுக்கு வேலை. மாலையானால் கொட்டாஞ்சேனை மல்யுத்த மண்டபம். பெடியன்கள் மெத்தையில் விழும் சத்தத்துக்கு நடுவே, படிக்கட்டில் இருந்துதான் நான் ஏ.எல். பரீட்சைக்குப் படித்தேன். பிறகு பல்கலைக்கழக நூலகத்தின் அமைதியில் முதல் மாதம் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. "வீட்டைக் கூட்டச் சொன்னா, இடுப்புக்குக் கீழ கை போகாதாம் உன்ர சம்பியன் அப்பாவுக்கு," என்பார் அம்மா. "ரூல்ஸ் எண்டா ரூல்ஸ்தானே," என்று நீங்கள் கதிரையில் சாய்வீர்கள்.

என் பட்டமளிப்பு அன்று வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தீர்களே. பழக்கதோஷம், பிடி இறுகியதும் என் கால்கள் தரையை விட்டுப் போய்விட்டன. பட்டச் சுருள் விழுந்து உருண்டது. எல்லோரும் பார்த்தார்கள். "இறக்கி விடுங்கோ அப்பா," என்று கெஞ்சினேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியை வேறு எப்படித்தான் தூக்குவீர்கள்?

ஓய்வு பெறும் வீரர் மெத்தை நடுவில் சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குவது உங்கள் விளையாட்டின் வழக்கம். கடைசிப் போட்டியில் நீங்கள் தோற்றபோது அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்களாம். நீங்களோ குனிந்து லேஸை இன்னும் இறுக்கிக் கட்டினீர்களாம். அடுத்த வாரமே அதே சப்பாத்துகளோடு பயிற்றுநராக மெத்தை ஏறினீர்கள். தோற்ற அன்றிரவு வீட்டில் அழுதீர்களா? கேட்டால் அம்மா சொல்கிறார் இல்லை.

நீங்கள் கண்மூடிய பிறகு மண்டபம் வெறிச்சோடியது. போன மாதம் உங்கள் மூத்த மாணவர் ரிஸ்வான் நானா கிராண்ட்பாஸிலிருந்து வந்தார்.

"சேர் இல்லாம யாரு பழக்குற, தங்கச்சி? ஞாயித்துக்கிழம சேர்ட சப்பாத்த மெத்த நடுவுல வெச்சி மரியாத செஞ்சிட்டு, மண்டபத்த மூடி, சாவியத் திருப்பிக் குடுத்திடுவோம்."

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தபடியே அம்மா கேட்டார்: "அவரே கழட்டாததை நீங்கள் ஆர் தம்பி கழட்டி வைக்க?"

"வேற வழி இல்லியே, ஆன்ட்டி."

ஞாயிறு காலை அம்மா சப்பாத்துகளைத் துடைத்து, பையில் போட்டு, என் கையில் தந்தார்.

"உனக்குச் சரியெண்டு பட்டதைச் செய், பிள்ளை."

மெத்தையைச் சுற்றி உங்கள் மாணவர்கள் நின்றார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறினேன். நடுவில் ரிஸ்வான் நானா மண்டபத்துச் சாவியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மண்டியிட்டிருந்தார். தன் லேஸையும் அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். அவரும் மல்யுத்தத்தை விடப் போகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பையிலிருந்து உங்கள் சப்பாத்துகளை எடுத்து நீட்டினேன்.

"நானா, அப்பா கழட்டேல்லை. நீங்களும் விடாதேங்கோ. இதைப் போடுங்கோ."

"சேர்ட மகள் கதைக்கிறாடா!" என்று பின்னால் யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். ரிஸ்வான் நானா வெகுநேரம் சப்பாத்துகளையே பார்த்தார். பிறகு காலை நுழைத்தார்.

"சேர்ட காலு பெரிசு, தங்கச்சி."

"ரெண்டு சொக்ஸ் போடுங்கோ."

அவர் எழுந்தார். சாவியைக் காற்சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டார். "என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? சோடி சோடியா நில்லுங்க!" அதட்டலில் உங்கள் குரல் இருந்தது. நான் படிக்கட்டுக்குப் போய்விட்டேன். முகத்தை யாருக்கும் காட்ட முடியவில்லை.

இப்போது மாலைகளில் மீண்டும் விழும் சத்தம் கேட்கிறது. முன்பு போலக் கூட்டம் இல்லை. உங்களைக் கேட்காமல் கொடுத்தது சரிதானா, அப்பா?

அந்தச் சப்பாத்துகள் நாளை வேறொருவர் காலுக்குப் போகலாம். ஆனால் மெத்தை நடுவில் வைத்துவிட்டுப் போக யாரையும் விடமாட்டேன். அதற்காக எத்தனை பேருக்கு முன்னாலும் வாய் திறப்பேன்.

தூக்கியபோது இறக்கிவிடச் சொன்ன
உங்கள் மகள்,
சுகன்யா