வெறும் தோளுக்கு ஒரு கேமரா வார்

ஸ்ரீ:

சேஷாத்ரிபுரம், பெங்களூர்
3-9-1964

சிரஞ்சீவி சந்தானத்துக்கு அப்பா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. என் இடது முழங்காலையும் எங்கள் ஆபீஸையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை ருக்கு மூவரும் சௌக்கியம். ஜெர்மனியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தலையை நன்றாகத் துவட்டிக்கொண்டு, சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டுகிறோம்.

ஜூலைக் கடைசியில் உன் சினேகிதன் கிளாரன்ஸ் லீவில் வந்து, நீ கொடுத்தனுப்பிய கேமராவை இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். நல்ல பிள்ளை. உட்காரச் சொல்லும்வரை நின்றான், இந்த ஊரில் அது இப்போது அபூர்வம். கூடவே உன் கடிதம். அங்கேயே இன்னும் இரண்டு வருஷம் இருக்கப்போகிறாய், உன்னிடம் அம்மா படம் ஒன்றுகூட இல்லை, இதில் ஒன்று எடுத்து அனுப்ப வேண்டும், சாக்குச் சொல்லக்கூடாது என்று எழுதியிருந்தாய். உன் அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, காபியை ஆற்றுகிற சாக்கில் உள்ளே போனவள், காபி ஜில்லிட்டபின்தான் வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கிடையாது. படம் என்றதும், "தனியா நிக்க வெச்சு எடுக்கற படம் சுவத்துல மாட்டி மாலை போடறதுக்குத்தான், நான் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ருக்கு ஒரு வாரம் கெஞ்சியபின் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். ஆவணி அவிட்டத்தன்று அவள் தம்பி வீட்டில் எல்லாரும் கூடுவார்கள், கூட்டத்தோடு கூட்டமாக நிற்கச் சொன்னால் நிற்பாள்.

அவள் தம்பி என்றால் சீனிவாசராகவன். அந்த வீட்டு வாசற்படியை நான் நாலு வருஷமாக மிதிக்கவில்லை என்பதும், ஏன் என்பதும் உனக்குத் தெரியும். தெரிந்தாலும் இன்னொரு முறை எழுதுவதால் குற்றமில்லை. ஐம்பத்தாறில் ராஜ்யங்களை ஒன்றாகச் சேர்த்தபோது சீனியாரிட்டிப் பட்டியலில் என்னைப் பதினேழு பேருக்குக் கீழே தள்ளினார்கள், எனக்கு இரண்டு வருஷம் ஜூனியரான அவன் அசிஸ்டென்ட் செக்ரட்டரி ஆனான். அதையாவது தலைவிதி என்று விடலாம். மல்லேஸ்வரத்தில் கட்டிய வீட்டுக் கிருஹப்பிரவேசத்தில், ஐம்பது இலை போட்ட பந்தியில், "எங்க அத்திம்பேர் டிராஃப்ட் எழுதினா ஒரு கமா மாத்த முடியாது. அதை வெச்சுண்டு என்ன பண்றதுன்னுதான் யாருக்கும் தெரியலை" என்றான். ஐம்பது பேரும் சிரித்தார்கள். பாயசம் பரிமாறியவன்கூடச் சிரித்தான். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு உன் பொருட்டுப் போகச் சம்மதித்தேன். ஆனால் இட்லிப் பானை கனத்தில் அவன் வைத்திருக்கும் கேமராவால் உன் அம்மாவைப் படம் எடுக்க விடுவதில்லை, என் பிள்ளை அனுப்பிய கேமராவால்தான் எடுப்பேன் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

இனி வார் விஷயம். நீ அனுப்பிய கேமராவைக் குறை சொல்ல மாட்டேன், தேங்காய் மூடி கனம்கூட இல்லை. அதன் தோல் வாரைச் செய்தவன் மட்டும் மூன்று சட்டைக்குமேல் கோட்டு போடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்திருக்கிறான். அரை விரல் அகலம், ஓரமெல்லாம் கத்தி, எனக்கோ ஆவணி அவிட்டத்தன்று மேலே சட்டையே கிடையாது. பழகிப் பார்க்கலாம் என்று பனியனோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நாலு நடை நடந்தேன். நம் வீட்டுச் சொந்தக்காரி லட்சுமம்மா குழாயடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் ஸ்வாமி, நாய் சாக்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டாள், நாய் வளர்க்கப்போகிறேனாம். கழுத்தில் இருப்பது நாய்க்கு வாங்கிய வார், சீக்கிரம் நாயும் வரும், வாடகையைக் கூட்டலாம் என்பது அவள் எண்ணம். உன் அம்மா வேறு தோல் என்றதுமே, "மாட்டுத்தோலை மார்ல போட்டுண்டு அன்னிக்குத் தர்ப்பணம் பண்ணப்போறேளா?" என்று உறையையும் வாரையும் சேர்த்து மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பட்டாளத்துக்காரர்களின் முதுகுப்பை வார் ஒன்று வாங்கினேன். அதில் யானையைக் கட்டலாம். ஆனால் கேமராவின் வளையத்துக்குள் அது நுழையாது, அதன் பித்தளைக் கொக்கி வெறும் தோளெலும்பில் உட்கார்ந்தால் உயிர் போகிறது. வாருக்கே கேமராவைவிட நாலு மடங்கு கனம், எது எதைச் சுமக்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ருக்கு தன் பட்டு ரிப்பனைக் கட்டிக் கொடுத்தாள். கனமில்லாத சாமானைப் பட்டில் தொங்கவிட்டால் அது ஓர் இடத்தில் நிற்காது என்று அன்று தெரிந்துகொண்டேன். குனிந்து செருப்பு மாட்டும்போது தோளிலிருந்து வழிந்து, ஊஞ்சல் மாதிரி ஆடி, பால் செம்பைத் தட்டிவிட்டது.

கடைசியில் எங்கள் ஆபீஸ் டபேதார் வழி சொன்னார். ஸ்ரீராம்புரத்தில் சில்வெஸ்டர் என்று ஒருவர், கல்யாண பாண்டுக்காரர்களின் டிரம்முக்கு வார் தைப்பவர். போனதும், "சட்டயக் கழட்டுங்க சார்" என்றார். எதற்கு என்றேன். "சட்ட மேல போடறதா, வெறும் ஒடம்புல போடறதா? வெறும் ஒடம்புன்னா வெறும் ஒடம்புலதான் அளவு எடுக்கணும்" என்றார். முப்பது வருஷமாக நான் வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு கேள்வியை முதலில் கேட்டுவிட்டுக் காரியத்தில் இறங்கிய அதிகாரி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வளையத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். "பட்டையா தச்சா இதுக்குள்ள போவாது. தோலும் வேணாங்கறீங்க. அப்ப பருத்தி நூலுதான், முறுக்கிக் குடுக்கறேன். ஒத்தத் தோள்ல தொங்கப் போடாதீங்க, சைக்கிள்ல வர்றவன் இழுத்துக்கினு பூடுவான். குறுக்கால மாட்டுங்க, இடது தோளு, வலது இடுப்பு. முழங்கை மடக்கினா கைக்கு வரணும், குனிஞ்சா முன்னால வந்து ஆடக்கூடாது. என் வாரை மாட்டிக்கினு டிரம்முகாரன் ஆறு அவர் நடக்கறான் சார். மாட்டியிருக்கற நெனப்பே வரக்கூடாது, அதான் வாரு" என்றார். இரண்டு நாளில் வெள்ளை வெளேரென்று முறுக்கிக் கொடுத்து, என் கண்ணெதிரில் அதில் இஸ்திரிப் பெட்டியைத் தொங்கவிட்டு ஆட்டியும் காட்டினார். முடிச்சு ஒரு நூலளவு நகரவில்லை. உன் அம்மா அதை நனைத்துப் பிழிந்து, மடிக் கொடியில் உலர்த்தி, இனி பெருமாள் உள்ளுக்கே போட்டுக்கொண்டு போகலாம் என்று உத்தரவு கொடுத்தாள்.

ஆவணி அவிட்டத்தன்று காலையில் மல்லேஸ்வரம் போனோம். மாடி ஹாலில் இருபது பேர், எல்லாரும் ஈர வேஷ்டியும் வெறும் மார்புமாக. வயசுப்படி உட்காரச் சொன்னதில் சீனிவாசராகவன் என் பக்கத்து மணை, இருவருக்கும் நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளம். "அத்திம்பேர், அதை பீரோவுல வெச்சுட்டு வரட்டுமா?" என்று அவன் கேட்டான். அவன் பீரோ எனக்கு எதற்கு? இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். உட்கார்ந்ததும் கேமரா தரையில் உட்கார்ந்துவிட்டது, தோளில் கனம் என்பதே இல்லை. சில்வெஸ்டர் சொன்னபடியே, மாட்டியிருக்கும் நினைப்பே எனக்கு வரவில்லை.

வாத்தியாருக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. மந்திரம் மெயில் வண்டி மாதிரி ஓடிற்று. புதுப் பூணூல் போட்டாயிற்று. "பழசைக் கழட்டுங்கோ, பழசைக் கழட்டுங்கோ" என்று அவசரப்படுத்தினார். பழைய பூணூலைத் தலைவழியாக எடுக்காமல் கத்தரித்து இடுப்பு வழியாக உருவுவதுதான் என் வழக்கம், உனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியை ஸ்நானத்துக்காகக் கழற்றி வைத்திருந்தேன். மார்பில் புதுசு இரண்டு, பழசு இரண்டு, இவற்றோடு இன்னும் ஒன்று. பழசு என்றால் நனைந்து பருத்திருக்கும் என்று தடவிப் பார்த்து, பருமனாக இருந்ததில் கத்தரியை வைத்தேன். அது லேசில் அறுபடவில்லை. மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. இவ்வளவு உறுதியான பூணூலையா ஒரு வருஷம் போட்டிருந்தோம் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். அறுந்ததும் வலது பக்க நுனியைப் பிடித்து வேகமாக ஓர் இழுப்பு இழுத்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து கேமரா அரை வட்டம் அடித்து வந்து, எள்ளுக் கிண்ணத்தையும் அட்சதையையும் கவிழ்த்துக்கொண்டு, ஆசமனத் தண்ணீர் நின்ற தாம்பாளத்தில் தொப்பென்று விழுந்தது. வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "என்ன ஸ்வாமி, உம்ம பூணூல்ல பிரம்மமுடிச்சு இத்தனை பெரிசா?" என்றார்.

இருபது பேரும் சிரித்த சத்தத்தில் கீழே சமையலறையிலிருந்த பெண்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். முதலில் வந்தவள் உன் அம்மா. நான் ஒரு கையில் கத்தரி, ஒரு கையில் வார், வாரின் நுனியில் எள் சொட்டும் கேமரா, மார்பில் புதுசும் பழசுமாகப் பூணூல் அத்தனையோடும் உட்கார்ந்திருந்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பு வாய்க்குப் போகிறது, போய்ச் சேருவதற்குள் மறுபடி சிரிப்பு வருகிறது. "ரமா, என் கேமரா, உறை இல்லாம எடுத்துண்டு வா, ஓடு" என்று சீனிவாசராகவன் மனைவிக்குக் குரல் கொடுத்தான். அவன் மணையைவிட்டு எழுந்தானா, எழுந்தது சாஸ்திரத்துக்குச் சரியா என்பதையெல்லாம் வாத்தியார் பார்த்துக்கொள்ளட்டும். "அக்கா, அப்படியே இரு" என்றான், தூணில் சாய்ந்துகொண்டு ஒன்று எடுத்தான். தனியாக நிற்க மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. வாத்தியார், "படம் ஆச்சோன்னோ? இனிமேலாவது பழசைக் கழட்டலாமா?" என்றார்.

உன் கேமராவைக் கண்டோன்மெண்டில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தோம். உள்ளேயிருந்து மூன்று எள்ளும் ஓர் அரிசியும் எடுத்ததாகக் காகிதத்தில் மடித்துக் காட்டினார். ஷட்டர் இப்போது ஒழுங்காகச் சொடுக்குகிறது, ஃபிலிம்தான் போயிற்று. சில்வெஸ்டரிடம் வாரைக் கொண்டுபோனால், அறுந்துவிட்டதா என்று முகம் சுண்டிப்போனார். போட்டிருப்பதே தெரியாமல் நான்தான் வெட்டினேன் என்றதும், "தெரியவேயில்லையா சார்? நெசமாவா?" என்று அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். புது வாரில் சிவப்பு நூல் ஒன்று சேர்த்து முறுக்கிக் கொடுத்திருக்கிறார். நீ அங்கே வார் வாங்குவதானால் கோட்டுக்குமேல் தோலே போதும், இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாமல் பார்த்து வாங்கு, முடிச்சை வாரம் ஒரு முறை இழுத்துப் பார்.

படம் எடுத்தாயிற்று, படம் எங்கே? ஒரு வாரம் ஆயிற்று, மல்லேஸ்வரத்திலிருந்து வரவில்லை. உன் அம்மாவைக் கேட்கச் சொன்னேன். "நான் கேக்க மாட்டேன். உங்க பிள்ளைக்கு வேணும்னா நீங்க போய்க் கேளுங்கோ" என்றாள். நேற்று ஆபீஸ் விட்டுப் போனேன். மூன்று பிரதம காரியதரிசிகளுக்கு டிராஃப்ட் எழுதிக் கொடுத்தவன், வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு முதல் வாக்கியத்தை மூன்று முறை திருத்தினேன். அவன் வந்து நின்றதும் வந்த வார்த்தை, "சீனு, அக்கா படம்..." அவ்வளவுதான். அவன் உள்ளே போய் உறையோடு வந்தான். "ரெண்டு பிரிண்ட் போட்டேன் அத்திம்பேர். ஒண்ணு சந்தானத்துக்கு. இன்னொண்ணு நீங்க எடுத்துக்கறேளா, இல்லை அதுக்குத் தனியா ஒரு மெமோ போடப்போறேளா?" என்றான். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னான். குடித்தேன். சர்க்கரை அதிகம். இதனால் அவனை மன்னித்துவிட்டேன் என்று நீ முடிவு கட்ட வேண்டாம், பந்தியில் அவன் சொன்னது சொன்னதுதான்.

ஒரு படம் இத்துடன் இருக்கிறது. இன்னொன்று என் ஆபீஸ் மேஜை டிராயரில், சர்வீஸ் விதிகள் புஸ்தகத்துக்குள், அதை உன் அம்மாவுக்கு எழுதிவிடாதே. அவள் இப்படிச் சிரித்து நீ பார்த்திருக்க மாட்டாய். நானே பார்த்து வெகு காலம் ஆகிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கேட்காதே. இடது ஓரத்தில் கத்தரியோடு தெரிகிற முழங்கை என்னுடையது.

மறக்காமல் அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, என் கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி போதாது. அப்புறம், அந்த இரண்டு வருஷத்தை ஒன்றாகக் குறைத்துக்கொள்ள வழி உண்டா என்று உன் மேலதிகாரியைக் கேட்டுப் பார். அவள் உன்னைக் கேட்க மாட்டாள். நான் கேட்கிறேன். தீர்க்காயுசாக, நல்ல தேக சௌக்கியத்தோடும் நல்ல பெயரோடும் இருக்கப் பெருமாள் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ஆராவமுதன்